இருபத்து மூன்றாம் எலி

தனிக் கூண்டில் இருந்த அந்த எலி பஞ்சை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் வைக்கும், மூக்கால் தள்ளிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் மறுபடி கவ்விக்கொண்டு எதிர் மூலைக்குப் போகும். ஏழு வாரமாக இதுதான் அதன் வேலை. தினமும் காலையில் எலிக்கூடத்தின் கதவைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறப்பேன். பார்த்துவிடுவேன்.

இந்தக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருடம். எலிகளுக்குத் தண்ணீர் வைப்பது, கூண்டில் உமி மாற்றுவது, எடை போடுவது, மருந்து புகட்டுவது, கடைசியில் அறுக்கும் மேஜையில் பிடித்துக்கொள்வது எல்லாம் நான்தான். ஆராய்ச்சி செய்பவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். எல்லோருக்கும் நான் எலியம்மா. ஆரம்பத்தில் அப்படிக் கூப்பிட்டால் கோபம் வந்தது. பிறகு அப்படிக் கூப்பிடாதவர்கள் மேல் கோபம் வந்தது. என் கோபத்துக்கு ஒரு வழிமுறை கிடையாது என்று என் தங்கை சொல்வாள்.

இந்த வருடம் வந்த மேடம் கொசு மருந்து செய்பவர். எலுமிச்சைப்புல் எண்ணெய் கொசுவுக்கு ஆகாது, ஆனால் எண்ணெய் தண்ணீரில் கலக்காதே. மேடம் அதில் சோப்பு வகையைச் சேர்ந்த ஒன்றைக் கொஞ்சம் விட்டு, காதைக் கிழிக்கும் சத்தத்தோடு அதிரும் ஒரு கம்பியை உள்ளே இறக்குவார். முதலில் எல்லாம் பாலாக வெளுக்கும். பத்து நிமிடத்தில் துளிகள் உடைந்து உடைந்து கண்ணுக்கே அகப்படாமல் சின்னதாகிவிடும். பாத்திரத்தில் இருப்பது மருந்தா தண்ணீரா என்று தெரியாது, வாசனை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். நானோ எமல்ஷன் என்று அதற்குப் பெயர். துளி சின்னதானால் பூச்சியின் தோலுக்குள் சுலபமாகப் புகுந்துவிடுமாம், கொஞ்சம் இருந்தாலே போதுமாம்.

"அப்ப நம்ம தோலுக்குள்ளயும் புகுந்துடுமே மேடம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதைப் பார்க்கத்தானே எலியம்மா நீங்க இருக்கீங்க" என்றார்.

இருபத்தெட்டு நாள் சோதனை. ஆணும் பெண்ணுமாகத் தனித்தனிக் கூண்டுகள், கூண்டுக்கு ஐந்து. சில கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர், சிலவற்றுக்குக் கொஞ்சம் மருந்து, சிலவற்றுக்கு நிறைய. ஐந்தாம் கூண்டில் இருந்தவை பெண் எலிகள், அவற்றுக்குத்தான் எல்லாவற்றையும் விட அதிக மருந்து. ஒரு மனுஷி அந்தக் கணக்கில் குடிக்க வேண்டுமென்றால் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். முனையில் குண்டு வைத்த வளைந்த ஊசியால் தினமும் காலையில் வாய் வழியாக வயிற்றுக்குள் நேராக விடுவேன். வாலில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண்தான் அவற்றுக்குப் பெயர்.

எலிகள் வேனில் வந்து இறங்கிய அன்று ஒரு பெட்டியின் நடுத்தடுப்பு பெயர்ந்து ஆணும் பெண்ணும் கலந்திருந்தன. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரிக்கலாம் என்றார் மேடம்.

"இதுக்கு ஒரு டாக்டரா? வாலைத் தூக்கினா தெரிஞ்சிடப் போகுது. கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பேன்" என்றேன்.

அன்று ஏசி உறைய வைத்தது. குளிரிலும் பயத்திலும் ஆண் எலி விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற விஷயம். ஆனாலும் வாலைத் தூக்கி, ஒரு பார்வை பார்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போட்டுக்கொண்டே போனேன். மேடம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அது பிடித்திருந்தது.

ஐந்து நாள் பழக விட்டோம். மருந்து கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் ஐந்தாம் கூண்டில் கையை விட்டபோது ஒன்று பளிச்சென்று ஆணாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கூண்டையே சோதனையிலிருந்து நீக்குவார்கள், எல்லாம் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன் என்று சொன்ன வாயால் சொல்ல வேண்டும். கூடுதலாக வாங்கி வைத்த எலிகள் இருந்தன. ஆணை எடுத்து அங்கே போட்டு, அங்கிருந்து ஒரு பெண்ணை எடுத்து இங்கே போட்டு, வாலில் அதே எண்ணை எழுதினேன். தினமும் எழுதும் லாக் புத்தகத்தில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் தங்கை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு முப்பத்து நான்கு வயது, என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தது நான்தான். குட்டி என்றுதான் கூப்பிடுவேன், இப்போதும். இரண்டு முறை கரு தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போனவள். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் என் வீட்டில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை. கொசு என்றால் அப்படி ஒரு கொசு. சுருள் கொளுத்தினால் புகை அவளுக்கு ஆகாது. வலைக்குள் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பாள். கை கால் எல்லாம் தடிப்பு தடிப்பாக வீங்கியிருக்கும்.

சோதனையின் பத்தாம் நாள், எல்லா எலியும் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தபோது, மேடமிடம் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தேன்.

"வீட்ல தெளிக்கவா? தாராளமா. செடியோட எண்ணெய்தானே" என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தங்கை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா இருக்குக்கா. பூசிக்கலாமா?"

"குடிச்சாலே எலிக்கு ஒண்ணும் ஆகல. பூசினா என்ன?"

அறை முழுக்கத் தெளித்தாள், தலையணையில் தெளித்தாள், கையிலும் காலிலும் கழுத்திலும் தடவிக்கொண்டாள். அன்று அசந்து தூங்கினாள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு இடி. "உன்னைத்தான் உதைக்குது" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் வேலை முடிந்து வந்து கை கழுவியதும் என் கையை எடுத்து வைத்துக்கொள்வாள். உள்ளே இருந்ததும் நேரம் தவறாமல் உதைக்கும்.

இருபத்தோராம் நாள் எடை போட்டபோது இருபத்து மூன்றாம் எலி மற்றவற்றைவிட நிறைய ஏறியிருந்தது. கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றின் இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாக இருந்தது. எடையைச் சொன்னேன், மேடம் எழுதினார்.

"பாருங்க எலியம்மா, அதிக மருந்து குடிச்சதுதான் நல்லா சதை போட்டிருக்கு" என்று பூரித்துப் போனார். நானும் சிரித்தேன்.

இருபத்து நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். ஐந்தாம் கூண்டில் நான்கு எலிகள் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன. இருபத்து மூன்று எதிர் மூலையில். நடுவில் உமி ரத்தத்தில் நனைந்திருந்தது. குட்டிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. உமியைக் கிளறிப் பார்த்தேன், நகத்தைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது. அது என்ன என்று பார்க்காமல் துடைத்துவிட்டேன். அந்த எலியின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. வாயைச் சுற்றிச் சிவப்பு. கூண்டு முழுக்க எலுமிச்சைப்புல் வாசனை.

எலி குட்டியைத் தின்னும். பயந்தால் தின்னும், குட்டி செத்துப் பிறந்தால் தின்னும், முதல் பிரசவம் என்றால் சில சமயம் காரணமே இல்லாமல் தின்னும். இந்தக் கூடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு உமியை மாற்றினேன். மேடம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எடை குறைந்த எலியைக் காட்ட முடியாது. உபரியில் இருப்பதிலேயே குண்டான ஒன்றை எடுத்து இருபத்து மூன்று என்று வாலில் எழுதி உள்ளே விட்டேன். பழைய எலியின் வாலை ஸ்பிரிட்டால் துடைத்து, கடைசி அலமாரியில் தனிக் கூண்டில் வைத்தேன். கழுத்தைத் திருகிக் கொன்றிருக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு நிமிடம் போதும். முடியவில்லை.

புத்தகத்தில் 'இயல்பு' என்று எழுதினேன்.

இருபத்தெட்டாம் நாள் எல்லாவற்றையும் அறுத்தார்கள். நுரையீரல், ஈரல், சிறுநீரகம், ரத்தம். கருப்பையைப் பார்க்கும் வேலை அந்தச் சோதனையில் இல்லை. இருபத்து மூன்றின் ஈரல் செக்கச்செவேலென்று பளபளத்தது. மேடம் அதைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை நடைபாதைச் சுவரில் பெரிதாக மாட்டினார்கள், கீழே 'பாலூட்டிகளுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதி. நான்கு நாள் மட்டும் மருந்து குடித்த எலியின் ஈரல். தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியிருந்தது.

பாட்டிலை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் தினமும் கேட்டுக்கொண்டேன். எடுத்தால் ஏன் என்பாள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தீர்ந்துவிட்டது என்று ஒரு முறை பொய் சொல்லி மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். மூன்றாம் நாள் அவள் கை கால் எல்லாம் கொசுக்கடி, சொறிந்து சொறிந்து ரத்தம். "ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். வாங்கி வந்தேன். அது இரண்டாவது. பிறகு மூன்றாவது.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. பகலிலேயே சமையலறைச் சுவருக்குள் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. பொந்து ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். சுவர் வழுவழுவென்று இருந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நாள் பூரா எலியோடயே இருக்கியா, காதுக்குள்ளயும் எலி குடி வந்துடுச்சு" என்றாள் தங்கை. அவளைக் கட்டிக்கொண்டால் ஐந்தாம் கூண்டின் வாசனை அடித்தது. அவள் குழந்தைக்கென்று என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடிப்பாள். ஒரு அலமாரியில் அடுக்குவாள். சரியில்லை என்று எடுத்துப் போய் வேறு அலமாரியில் அடுக்குவாள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் "ஒரு இடத்துல வச்சுத் தொலையேன்!" என்று கத்திவிட்டேன். பயந்து போய்ப் பார்த்தாள். என் வாழ்க்கையில் அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை.

முந்தாநாள் காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அக்கா, நேத்து சாயங்காலத்துலேருந்து அசையவே இல்லக்கா."

அவள் வயிற்றில் கையை வைத்தேன். காத்திருந்தேன். கூப்பிட்டேன்கூட. ஒன்றும் இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் அவளைப் படுக்க வைத்து வயிற்றில் கருவியை அழுத்தினார். இளம் பெண், பொறுமையாகப் பேசினார். திரையில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, தூரத்தில் யாரோ ஓடி வருவது போல, திடுதிடுதிடு என்று கேட்டது. தங்கை அழ ஆரம்பித்தாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா கொஞ்சம் சோர்வா இருக்கு, வளர்ச்சியும் நான் நினைச்ச அளவு இல்ல" என்றார் டாக்டர். "ஏதாவது மருந்து, மாத்திரை எடுத்துக்கிறீங்களா? வீட்ல ஏதாவது கெமிக்கல்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். கொசுவுக்குச் செடி எண்ணெய் மட்டும் பூசிக்கிறேன். அதுவும் அக்காவே சோதிச்சுப் பார்த்தது" என்று தங்கை என்னைக் காட்டினாள். கண்ணீரோடு, பெருமையாக.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன சோதிச்சீங்க?"

சொன்னேன். எலுமிச்சைப்புல், நானோ எமல்ஷன், இருபத்தெட்டு நாள், ஈரல், சிறுநீரகம். மேடம் பேசுவது போலவே பேசினேன்.

"சரி. கர்ப்பமா இருந்த எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சோதனையில் அது கிடையாது, காகிதப்படி அதுதான் உண்மை. திடுதிடு என்ற அந்தச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை" என்றேன். "தெரியாம நடந்துடுச்சு."

"குட்டிங்க எப்படிப் பிறந்துச்சு?"

"தெரியல டாக்டர். நான் போனப்ப கூண்டுல ஒண்ணும் இல்ல. தின்னுடுச்சு."

தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். சட்டென்று விடவில்லை. விரல் விரலாகத் தளர்த்தி, கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பக்கா?" என்று கேட்டாள்.

"நீ அஞ்சரை மாசம் இருக்கும்போது."

அவள் கணக்குப் போட்டாள். இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். அவள் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நிறையச் சொன்னார். பூசிக்கொள்வது வேறு, குடிப்பது வேறு. எலிக்குக் கொடுத்த அளவு பெரிய அளவு. சோர்வுக்கு வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். இப்போதே நிறுத்துங்கள், தினமும் வந்து துடிப்பைப் பாருங்கள் என்றார். எல்லாம் என்னிடம்தான் சொன்னார். தங்கை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை மேடமிடம் போனேன். உட்காரச் சொன்னார், உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. எடைக் கோடுகள் வரைந்த தாளை எடுத்து வைத்து, ஐந்தாம் கூண்டின் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஏறிய இடத்தில் விரல் நின்றது.

"இதைக் காட்டி எத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கேன்" என்றார். பிறகு, "அந்த எலி எங்கே?"

கடைசி அலமாரிக்குக் கூட்டிப் போனேன். அது பஞ்சை மூலையில் வைத்து, அதன்மேல் படுத்திருந்தது. நாங்கள் வந்ததும் பஞ்சைக் கவ்விக்கொண்டு பின்வாங்கியது.

"எல்லா எலியும்தான் கூடு கட்டும் எலியம்மா. நீங்க வேற எதையாவது நினைச்சுக்காதீங்க" என்றார். ஆனால் அவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "எத்தனை கரு தங்கிச்சுன்னு கருப்பையில தழும்பு இருக்கும். மாசக் கணக்குல அழியாது. பார்த்தாகணும்."

எனக்குப் புரிந்தது. கழுத்தைத் திருக மனம் வராமல் ஏழு வாரம் நான் ஒளித்து வைத்த எலியை நானே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தேன். கையில் எடுத்ததும் சாதுவாக இருந்தது. பஞ்சை மட்டும் விடவில்லை, மயக்க மருந்து ஏறிய பிறகுதான் வாய் தளர்ந்தது.

மேடம் வயிற்றைத் திறந்தார். கருப்பையின் இரண்டு கிளைகளையும் ஒரு வெள்ளைத் தாளின்மேல் நீட்டி வைத்தார். கறுப்பாகப் புள்ளிகள், கடுகளவு. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஆறு.

"பதினொண்ணு" என்றார். எழுதிக்கொண்டார்.

"மருந்துதான் கொன்னுச்சா மேடம்?"

"தெரியாது. எண்ணெயா, கூட இருக்கிற சோப்பா, துளி அவ்ளோ சின்னதா இருக்கிறதா, எதுன்னு தெரியாது. இல்ல, மருந்துமேல தப்பே இல்லாம, தினமும் தொண்டையில ஊசி விட்ட பயமாக்கூட இருக்கலாம். பதினொண்ணு தங்கிச்சு. அவ்ளோதான் இது சொல்லும். உயிரோட பிறந்துச்சா இல்லையான்னு அன்னைக்குக் காலையில நின்னு பார்த்தவங்கதான் சொல்ல முடியும்."

அன்று காலையில் நின்று பார்த்தது நான். துடைத்தெறிந்ததும் நான்.

சோதனை அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அவர் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். சுவரில் இருந்த ஈரல் படத்தைத் தானே கழற்றினார். கர்ப்பிணி எலிகளை வைத்து முதலிலிருந்து சோதனை செய்யப் போகிறார். மருந்தில் தப்பில்லை என்றே அது முடியலாம். அதில் நான் இருக்க மாட்டேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அது எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கவில்லை, வேறு இடத்தில் வலித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. தலையணை உறைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. பாட்டிலைக் காணோம், வாசனை மட்டும் போகவில்லை. தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிச் சதுரங்கள், மடிக்காமல் குவியலாக. கையில் புதிதாக இரண்டு கொசுக்கடி.

"இன்னிக்கு அசைஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

ஜன்னலைப் பார்த்தபடி, "எத்தனைக்கா?" என்றாள்.

"பதினொண்ணு."

"எதுவும் உசுரோட பொறந்துச்சா?"

"பார்க்கல குட்டி."

சாக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு கொசு வந்து அவள் முழங்கையில் உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை, நானும் ஓட்டவில்லை.

"நீ பார்த்திருக்கணும்க்கா" என்றாள்.

பழக்கத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்து வயிற்றின்மேல் வைத்திருந்தாள். சட்டைக்கு அடியில் ஏதோ அசைந்தது போல இருந்தது. அசைந்ததா என்று நான் கேட்கவில்லை. அவள் தன் கைகளை எடுக்கவும் இல்லை.